எந்த மருந்து

மஞ்சக்குப்பம், கடலூர்
12.8.2024

அன்புள்ள தம்பி செல்வத்துக்கு,

அக்கா சத்யப்பிரியா எழுதுவது. இங்கே நானும் உன் மாமாவும் நலம். அங்கே நீயும் சிந்துஜாவும் குட்டி இளநிலாவும் எப்படி இருக்கிறீர்கள்?

கையில் போன் இருக்கும்போது இவளுக்கு என்ன கடுதாசிக் கிறுக்கு என்று சிரிப்பாய். சிரித்துக்கொள். போனில் நான் "எப்பிடிடா இருக்க?" என்று கேட்டால், "நல்லாருக்கேன்க்கா" என்று சொல்லிவிட்டு அடுத்த நொடியே சிந்துஜா கையில் கொடுத்துவிடுகிறாய். அப்பாவும் கடைசி வாரம் என்னிடம் "நல்லாருக்கேம்மா" என்றுதான் சொன்னார். அந்த வார்த்தையை இனிமேல் நான் போனில் நம்பப் போவதில்லை. எழுதுகிறவன் கால் மணி நேரமாவது உட்கார வேண்டும், யோசிக்க வேண்டும். அதனால் பதினைந்து நாளைக்கு ஒரு கடிதம். இது அக்காவின் உத்தரவு.

வரும் ஐப்பசியோடு அப்பா போய் இரண்டு வருஷம். வெற்றிலைக் கொடி அழுகுகிறது என்று வாங்கி வைத்த மருந்தைக் கொடிக்கு ஊற்றாமல் தானே குடித்துவிட்டார். நம் ஊரில் எல்லாவற்றுக்கும் ஒரே சொல்தான். காய்ச்சலுக்கும் மருந்து, கொடிக்கும் மருந்து, சாகிறதற்கும் மருந்து. நீ திருப்பூர் வேலையை விட்டுவிட்டு அதே கொடிக்காலில் இறங்கினபோது நான் வாயைத் திறக்கவில்லை. இப்போது ஒன்றே ஒன்று கேட்கிறேன். கடை மருந்து எதுவும் உன் வீட்டு வாசலைத் தாண்டக் கூடாது.

அதற்குப் பதிலாகத்தான் இந்த ஆறு பாட்டில் எண்ணெய். சிதம்பரம் பஸ் கண்டக்டரிடம் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். எங்கள் வேளாண் ஆய்வுக்கூடத்தில் வேப்பெண்ணெயும் எலுமிச்சைப்புல் எண்ணெயும் சேர்த்துச் செய்தது. இலைப்புள்ளி, கருகல், அழுகல் என்று எந்தப் பூஞ்சாணமாக இருந்தாலும் கேட்கும். முதலில் சோப்புக் கரைசலில் நன்றாக அடித்துக் கலக்கு, இல்லாவிட்டால் எண்ணெய் மேலே மிதக்கும். பத்து லிட்டர் டேங்குக்கு மூன்று மூடி போதும். வெயில் தாழ்ந்த பிறகு, இலையின் அடிப்பக்கம் படும்படி அடி.

வேளைக்குச் சாப்பிடு. பதில் எழுது.

உன் அக்கா,
சத்யா

*

மேலத்திட்டு, சிதம்பரம்
27.8.2024

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் மூவரும் சௌக்கியம். குடிகாடு ரசாயனக் கம்பெனி வேலைக்குப் போய்வரும் மாமாவுக்கு இருமல் குறைந்ததா? ராத்திரி வேலை வேண்டாம் என்று சொல்.

எண்ணெய் வந்து சேர்ந்தது. பஸ்ஸில் ஒரு பாட்டில் கசிந்து, கண்டக்டர் டிக்கெட் புத்தகம் முழுக்க வாசனை. "ஒங்கக்கா சென்ட் கம்பெனியிலயா வேல செய்யிறாங்க?" என்று கேட்டார்.

முதல் நாளே வம்பு. நம் சடையப்பன் இருக்கிறாரே, அப்பா காலத்திலிருந்து கொடி கட்டுகிறவர், அவர் உள்ளே வரமாட்டேன் என்று வரப்பிலேயே நின்றுவிட்டார். "வெத்தலக் கொடி மகாலச்சுமி தம்பி. தலைக்கி எண்ண வச்சிக்கினு உள்ள போனாலே வாடிப்பூடும்னு ஒங்கப்பாரு எங்கள வுடமாட்டாரு. நீ டேங்கு டேங்கா எண்ண ஊத்துற. நான் வரல சாமி" என்றார். அரை மணி நேரம் மன்றாடினேன். கடைசியில், "இது எண்ண இல்ல பெரிப்பா, மருந்து" என்றேன். "மருந்தா? அத மொதல்லயே சொல்லக்கூடாதா?" என்று செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்து டேங்கைத் தூக்கிக்கொண்டார்.

பதினோரு பாத்தியும் அடித்தாயிற்று. வேறு விசேஷம் இல்லை. கால் மணி நேரம் உட்காரச் சொன்னாய். இருபது நிமிஷம் ஆகிவிட்டது.

அன்புத் தம்பி,
செந்தமிழ்ச்செல்வன்

*

மஞ்சக்குப்பம்
3.9.2024

அன்புள்ள செல்வம்,

இங்கே நலம். மாமாவுக்கு இருமல் அப்படியேதான் இருக்கிறது. உன் கடிதத்தைப் படித்து அவரும் நானும் சிரித்தோம். 

அதை மருந்து என்று சொல்லாதே. சடையப்பன் நம்புவதற்காகச் சொன்னாய், தெரியும். ஆனாலும் அந்த வார்த்தை உன் கையெழுத்தில் வந்திருப்பதைப் பார்த்ததும் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டேன். அது எண்ணெய். எண்ணெய் என்றே சொல். அவர் உள்ளே வராவிட்டால் வெளியே நின்று கொடி கட்ட நார் கிழித்துக் கொடுக்கட்டும்.

நீ எழுதியதில் பாதி சடையப்பன், மீதி கண்டக்டர். உன்னைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. தூங்குகிறாயா? சாப்பாடு இறங்குகிறதா? இளநிலாவைப் பள்ளியில் விடுவது நீதானா? கேட்பதற்கெல்லாம் வரிசையாகப் பதில் வேண்டும்.

சத்யா அக்கா

*

மேலத்திட்டு
22.9.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நலமறிய ஆவல். வரிசையாகப் பதில்: தூங்குகிறேன். சாப்பிடுகிறேன். பள்ளியில் விடுவது நான்தான். கூப்பிட்டு வருவது சிந்துஜா.

இப்போது திட்டாமல் கேள். இரண்டாம் முறை அடிக்கும்போது ஒரு தப்பு நடந்துவிட்டது. எதுவாக இருந்தாலும் கொஞ்சம் கூடப் போட்டால்தான் கேட்கும் என்று நம் ஊர்க் கைக்குப் பழக்கம். நீ மூன்று மூடி என்றாய், நான் ஆறு போட்டேன். அதுவும் உச்சி வெயிலில். மூன்றாம் நாள் பார்த்தால் இரண்டு பாத்தியில் இலை ஓரமெல்லாம் தீய்ந்த அப்பளம் மாதிரி சுருண்டு கிடக்கிறது. எண்ணெய் என்றால் சாது என்று நினைத்தது என் மடத்தனம்.

மற்றப் பாத்தியில் கிள்ளின வெற்றிலையை வியாபாரி உத்திராபதியிடம் கொண்டுபோனேன். கவுளிக் கட்டைப் பிரித்து மோந்து பார்த்துவிட்டு, "இன்னா தம்பி, வெத்தல கேட்டா சோப்பு குடுக்கிற? இத தாம்பூலத்துல வச்சா மாப்ள வூட்டுக்காரன் வாய் கொப்புளிச்சிட்டு எந்திரிச்சிப் பூடுவான்" என்றார். இனிமேல் கிள்ளுவதற்குப் பத்து நாள் முன்னாலேயே அடிப்பதை நிறுத்திவிடுகிறேன்.

ஆனால் இலைப்புள்ளி குறைந்திருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். சடையப்பனே ஒத்துக்கொண்டார்.

ஒரே ஒரு சந்தேகம் அக்கா. இது வரைக்கும் வெயில். அடுத்த மாதம் அடைமழை. மழையில் இந்த எண்ணெய் நிற்குமா?

அன்புடன்,
செல்வம்

*

மஞ்சக்குப்பம்
28.9.2024

அன்புள்ள செல்வம்,

நலம். ஆறு மூடி போட்டதற்கு உன்னை நேரில் பார்க்கும்போது காதைத் திருகுகிறேன். தீய்ந்த இலைகளைக் கிள்ளி எறிந்துவிடு, புதுத் தளிர் வந்துவிடும். புள்ளி குறைந்தது என்று படித்ததும் சந்தோஷத்தில் ஆய்வுக்கூடத்தில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன்.

மாமாவை ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். மைதானத்தில் பொருட்காட்சி போட்டிருக்கிறார்கள், ஒரே கூட்டம். இளநிலாவை அழைத்து வந்தால் ராட்டினத்தில் ஏற்றலாம். சிந்துஜாவுக்கு அவள் கேட்ட தையல் நூல் வாங்கி வைத்திருக்கிறேன், அடுத்த பார்சலில் அனுப்புகிறேன். கூடவே இன்னும் நான்கு பாட்டில் எண்ணெய் வருகிறது. மழை விட்டதும் ஒருமுறை அடி. பயப்படாதே.

அக்கா

*

மேலத்திட்டு
25.10.2024

அக்காவுக்கு,

எல்லோரும் நலம். மாமாவின் ஸ்கேன் என்ன ஆயிற்று?

பதினைந்து நாளைக்கு ஒரு கடிதம் என்ற கணக்கு தப்பிவிட்டது. மழை. விட்டால் அடிக்கிறேன், அடித்தால் பெய்கிறது. ஒன்பது நாளில் நான்கு முறை அடித்தேன். வாய்க்கால் தண்ணீரில் எண்ணெய் மினுமினுவென்று வடிந்து போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மூன்றாம் பாத்தியில் அழுகல் வந்துவிட்டது. காலையில் பச்சையாக இருந்த கொடி மாலையில் தலையைத் தொங்கப் போட்டுக்கொள்கிறது. பிடித்து இழுத்தால் அடித்தண்டு கையோடு வருகிறது. கருப்பாக, அதே நாற்றம். அந்த நாற்றம் உனக்குத் தெரியும். நாற்பது கொடி பிடுங்கிப் போட்டோம். சடையப்பன் அவற்றை வரப்பில் அடுக்கினார். 

அப்பா உட்காருவாரே, மோட்டார் கொட்டகைப் படி, அங்கே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அங்கிருந்து பார்த்தால் மூன்றாம் பாத்தி நேராகத் தெரிகிறது. அவர் ஏன் அங்கேயே உட்கார்ந்திருந்தார் என்று எனக்கு இப்போதுதான் புரிகிறது.

மழையில் நிற்குமா என்று போன கடிதத்தில் கேட்டிருந்தேன். நீ ராட்டினத்தைப் பற்றி எழுதினாய்.

செல்வம்

*

மஞ்சக்குப்பம்
29.10.2024

அன்புள்ள தம்பி,

நலம் விசாரித்து எழுத எனக்குத் தகுதி இல்லை. நேராகச் சொல்லிவிடுகிறேன்.

நிற்காது. எனக்கு அது முதலிலேயே தெரியும்.

கண்ணாடித் தட்டில் பூஞ்சாணத்தை வளர்த்து இந்த எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டால், அது வளராமல் அப்படியே நின்றுவிடுகிறது. அதை என் கண்ணால் பார்த்தேன், அது பொய் இல்லை. இலைப்புள்ளிக்கும் கருகலுக்கும் வெயில் காலத்தில் நன்றாகவே கேட்கும். ஆனால் தோட்டத்தில் வெயில் அடித்தால் ஆவியாகப் போகிறது, மழை பெய்தால் கழுவிக்கொண்டு போகிறது. அழுகல் மண்ணிலிருந்து வருகிறது. இலையில் அடிக்கிற எண்ணெய் அடித்தண்டுக்குப் போய்ச் சேராது. அழுகலுக்கும் கேட்கும் என்று உனக்கு எழுதியபோது நான் கொஞ்சமும் தயங்கவில்லை. 

ஏன் எழுதினேன் என்று கேட்பாய். உன் வீட்டில் அந்தப் பாட்டில் இருக்கக் கூடாது. அவ்வளவுதான். கொடி போனால் போகட்டும் என்று நினைத்தேன். கொடி போனால் நீ என்ன ஆவாய் என்று நினைக்கவில்லை. படித்தவளின் புத்தி இவ்வளவுதான்.

மூன்றாம் பாத்தியைச் சுற்றி ஆழமாக வடிகால் வெட்டு. பிடுங்கிய கொடிகளை வரப்பில் போடாதே, தூரக் கொண்டுபோய் எரி. கடை மருந்து ஊற்றித்தான் ஆக வேண்டும் என்றால் நீ வாங்காதே. நான் வாங்கி வருகிறேன், நானே நின்று ஊற்றுகிறேன், மிச்சத்தை நானே எடுத்துக்கொண்டு போகிறேன். தீபாவளிக்கே வந்திருப்பேன். மாமாவை மூச்சுத்திணறலோடு ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது. ஒரு வாரம் பொறு.

அந்தப் படியில் உட்காராதே. உன் காலில் விழுந்து கேட்கிறேன்.

அக்கா

*

மஞ்சக்குப்பம்
15.11.2024

அன்புள்ள செல்வம்,

மாமா வீட்டுக்கு வந்துவிட்டார். இன்னும் அவரைத் தனியாக விட முடியவில்லை, அதனால்தான் சொன்னபடி வரவில்லை. உன்னிடமிருந்து கடிதம் இல்லை. தபால்காரர் தெருமுனையில் திரும்பும்போதே நான் வாசலுக்கு வந்துவிடுகிறேன். அவர் தூரத்திலிருந்தே கையை விரிக்கிறார்.

போன் செய்தால் சிந்துஜா எடுக்கிறாள். "தோட்டத்துல இருக்காரு அண்ணி" என்கிறாள். காலையிலும் தோட்டம், மாலையிலும் தோட்டம். உன் போன் அணைந்தே இருக்கிறது.

கோபம் என்றால் கோபமாக எழுது. "பொய்க்காரி" என்று ஒரு வார்த்தை எழுதி அனுப்பினாலும் போதும்.

அக்கா

*

மேலத்திட்டு
26.11.2024

அண்ணிக்கு,

சிந்துஜா வணக்கத்துடன் எழுதுகிறேன். அண்ணனுக்கு உடம்பு தேவலையா? எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கம் இல்லை. போனில் சொல்லலாம் என்றால் இரண்டே அறை வீடு, அவருக்குக் கேட்டுவிடும். அக்கம்பக்கத்து வீட்டில் போய்ப் பேசினால் ஊருக்கே கேட்கும். இளநிலாவைப் பள்ளியில் கூப்பிடப் போகும்போது இதைத் தபால்பெட்டியில் போடுகிறேன்.

அவர் முந்தாநாள் மருந்து வாங்கி வந்திருக்கிறார். துண்டில் சுற்றி எடுத்து வந்தார். மோட்டார் கொட்டகையில் வைத்துப் புதுப் பூட்டாகப் போட்டுவிட்டார். சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டியிருக்கிறார், குளிக்கும்போதுகூட அவிழ்ப்பதில்லை. "அக்காவுக்கு எழுதாத. தெரிஞ்சா தாங்காது" என்றார்.  பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அவள் இறங்கி ஓடினாலும் கை அப்படியே இருக்கிறது.

எந்த மருந்து, எதற்கு மருந்து என்று கேட்கத்தான் வாய் வரைக்கும் வருகிறது. கேட்க முடியவில்லை அண்ணி. கொடிக்கு என்று சொல்லிவிட்டால் நம்பலாமா என்று தெரியவில்லை. அதனால் கேட்காமலேயே இருக்கிறேன். பூட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

புயல் வரப்போகிறது என்கிறார்கள். நீங்கள் வர முடியுமா?

சிந்துஜா

*

மஞ்சக்குப்பம்
10.12.2024

அன்புள்ள தம்பி,

வீடு வந்து சேர்ந்தேன். மாமா நலம். நேரில் பார்த்துவிட்டு வந்து ஆறு நாள்கூட ஆகவில்லை, அதற்குள் கடிதமா என்று கேட்காதே. நேரில் சொல்ல முடியாதது ஒன்று இருக்கிறது. அதற்கு முன்னால் எனக்கு என்ன நடந்தது என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

சிந்துஜாவின் கடிதம் வெள்ளிக்கிழமை மதியம் வந்தது. அவளைத் திட்டாதே. அன்றைக்கே கிளம்பினேன். மாமாவுக்கு மறுபடி மூச்சு வாங்கியது. "காலையில போலாம் சத்யா" என்றார். காலையில் பஸ் இல்லை. அப்புறம் கரண்ட் இல்லை, போன் டவர் இல்லை. சனி, ஞாயிறு, திங்கள். தெருவில் முழங்கால் தண்ணீர். மழை ஓட்டில் விழுகிற சத்தத்தில் யாரோ கூப்பிடுகிற மாதிரியே இருந்தது. மூன்று நாளும் நான் சாமியை வேண்டவில்லை. வேண்டினால் நடந்துவிட்டதை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று பயம்.

செவ்வாய்க்கிழமை பஸ் விட்டார்கள். பி.முட்லூர் தாண்டி ஊர்ந்து ஊர்ந்து போனது. மேலத்திட்டுக் கைகாட்டியில் இறங்கித் தண்ணீரில் நடந்தேன். வரப்பு முனையில் சடையப்பன் தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு நின்றார். என்னைப் பார்த்ததும் ஓடி வந்து, "எம்மா வந்துட்டியா, தம்பி மருந்த ஊத்திக்கினு" என்று ஆரம்பித்தார். அவர் மேலே என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவர் பயந்து போய், "வேருக்கும்மா, வேருக்கு! புயலுக்கு முந்தியே பூராப் பாத்திக்கும் வேருல ஊத்திக்கினு, இப்ப வடிகா வெட்டிக்கினு இருக்குது" என்று கத்தினார். நீ மண்வெட்டியோடு அகத்தி வரிசைக்கு நடுவிலிருந்து எட்டிப் பார்த்தாய்.

உன்னை அடித்தது தப்புதான். சடையப்பன் எதிரில் அடித்திருக்க வேண்டாம்.

கொட்டகையைத் திறக்கச் சொன்னேன். ஒரு பாட்டில் காலி, ஒரு பாட்டில் திறக்காமல் இருந்தது. திறக்காததை என் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். பஸ் முழுக்க மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இங்கே ஆய்வுக்கூடத்தில் பூட்டி வைத்திருக்கிறேன்.

இப்போது அந்த ஒன்று. நீ என்னை எழுதச் சொல்லவில்லை, ஆனால் எழுதாவிட்டால் நான் உன்னை எழுதச் சொல்வதில் அர்த்தம் இல்லை.

அப்பா இறப்பதற்கு நான்கு நாள் முன்னால் என் ஆபீசுக்கு வந்தார். அழுகின கொடி ஒன்றைச் செய்தித்தாளில் சுற்றி எடுத்து வந்திருந்தார். நான் பார்த்துவிட்டு ஒரு சீட்டில் மருந்தின் பெயரை எழுதிக் கொடுத்தேன். அந்தச் சீட்டைக் காட்டித்தான் கடையில் வாங்கியிருக்கிறார். அவர் குடித்தது நான் எழுதிக் கொடுத்த மருந்து, செல்வம். போலீஸ் கேட்டபோதும் சொல்லவில்லை. மாமாவுக்கும் தெரியாது. உனக்கு எண்ணெய் அனுப்பியது உன் கொடிக்காகவும் இல்லை, முழுக்க உனக்காகவும் இல்லை. இன்னொரு முறை மருந்தின் பெயரை எழுத எனக்குக் கை வரவில்லை.

இனி நீ என்னை அக்கா என்று கூப்பிட வேண்டுமா என்று நீயே முடிவு செய்.

சத்யப்பிரியா

*

மேலத்திட்டு
21.12.2024

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. நாங்கள் நலம். மாமாவைக் குளிர்ந்த காற்றில் வெளியே விடாதே.

முதலில் கொடி. பதினொன்றில் மூன்று பாத்தி போய்விட்டது. எட்டு நிற்கிறது. தண்ணீர் வடிந்துவிட்டது. தளிர் விடுகிறது. இலைக்கு வெயில் காலத்தில் உன் எண்ணெயே போதும், மூன்று மூடி. அடித்துப் பத்து நாள் கழித்துத்தான் கிள்ளுவேன் என்று உத்திராபதிக்கும் சொல்லிவிட்டேன்.

எண்ணெய் மழையில் நிற்காது என்று எனக்கு முதல் மழையிலேயே தெரியும். தெரிந்தும் நான்கு முறை அடித்தேன். நிறுத்திவிட்டேன் என்று எழுதினால் நீ அங்கே சோறு தின்ன மாட்டாய் என்றும் தெரியும். உன் பயத்துக்குத்தான் அக்கா அடித்தேன். கொடிக்கு இல்லை.

என்னைப் பற்றியும் எழுதச் சொல்வாயே, எழுதுகிறேன். ஒரு நாள் எனக்கு அந்த எண்ணம் வந்தது. மூன்றாம் பாத்தி போன அன்றைக்கு, அந்தப் படியில். பொய் சொல்ல மாட்டேன். அதனால்தான் மருந்து வாங்கினதும் பூட்டுப் போட்டேன். பூட்டு யாருக்காக, சாவியை யார் வைத்திருக்க வேண்டும் என்று யோசிக்காமல் என் இடுப்பிலேயே கட்டிக்கொண்டது கூமுட்டைத்தனம். இப்போது சாவி சிந்துஜாவிடம். அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் என்னைச் சிதம்பரத்தில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனாள். அவரும் மருந்துதான் எழுதிக் கொடுத்திருக்கிறார். வேளைக்கு ஒன்று, அவள் கையால்.

இனி உன் சீட்டு.

அது எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் அப்பாவின் சட்டையைக் கழற்றி என்னிடம் கொடுத்தார்கள். பையில் இருந்தது. உன் கையெழுத்து எனக்குத் தெரியாதா? வராந்தாவில் நான் அதை விரித்துப் படிக்கும்போதே ஒரு போலீஸ்காரர் வந்துவிட்டார். எந்த மருந்து, யார் சொல்லி வாங்கினது என்று கேட்டுக்கொண்டே வந்தார். பெற்ற பெண்ணே எழுதிக் கொடுத்தாள் என்று ஊர் பேசும். கிழிக்க நேரம் இல்லை. வாயில் போட்டு மென்று விழுங்கிவிட்டேன். அவர் என் வாயைப் பார்த்துவிட்டு, "அப்பன் உள்ள கெடக்கிறான், நீ வெத்தல போட்டுக்கினு நிக்கிற. நீல்லாம் ஒரு புள்ளையா?" என்றார். பக்கத்தில் நின்ற சொந்தக்காரர்கள் எல்லோரும் கேட்டார்கள். இன்றைக்கு வரைக்கும் சிலர் என்னோடு சரியாகப் பேசுவதில்லை, ஏன் என்று நீ கேட்டிருக்கிறாய். இதுதான்.

பொங்கலுக்கு வரும்போது அந்தப் பாட்டிலை எடுத்துக்கொண்டு வா. வேருக்கு இன்னொரு முறை ஊற்ற வேண்டும். நீ சொன்ன மாதிரி நீயே நின்று ஊற்று.

கடைக்காரரை விட்டுவிட்டால், அந்தச் சீட்டை உலகத்தில் படித்தவர்கள் மூன்று பேர். நீ, அப்பா, நான். மருந்தின் பெயரோடு உன் ஞாபகம் நின்றுவிட்டது போலிருக்கிறது. அதற்குக் கீழே இன்னொரு வரி இருந்தது. விழுங்குவதற்கு முன்னால் நான் கடைசியாகப் படித்தது அதுதான். "ஊற்றி முடித்ததும் கையைச் சோப்புப் போட்டு இரண்டு முறை கழுவிவிட்டுச் சாப்பிடுங்கள் அப்பா" என்று எழுதியிருந்தாய்.

உன் தம்பி,
செல்வம்